படிக்கட்டு நீங்கலாக

பிப்ரவரி 9

அன்புள்ள மச்சானுக்கு,

இங்க நான் சாப்பிடறேன், வேலைக்குப் போறேன், வரேன். அங்க நீங்களும் அக்காவும் எப்படி இருக்கீங்க? உங்க முதுகுவலி குறைஞ்சுதா? லோடு ஏத்தும்போது குனியாதீங்கன்னு டாக்டர் சொன்னதை வண்டியில ஏறினதும் மறந்துடாதீங்க.

நீங்க நாலு தடவை கூப்பிட்டிருந்தீங்க. எடுக்கல. கோவிச்சுக்காதீங்க. போன் அடிச்சா கை அது பக்கம் போகமாட்டேங்குது. எழுத வருது. அதனால எழுதறேன்.

உங்க தங்கச்சி போய் ஆறு மாசம் ஆகப்போகுது. வீடு பூட்டியே கிடக்கு. நான் திரும்பி வந்து அங்க இருப்பேன்னு தோணல. இங்க கம்பெனி குடுத்த ரூம் போதும். கட்டில், மேசை, ஜன்னல். ஜன்னல் வழியா பாத்தா போன மாசம் நான் பரிசோதனை பண்ணின லிஃப்ட் இருக்கற கட்டடம் தெரியுது. ஒம்பது மாடி. தினமும் எண்ணறேன், ஒம்பதுதான் வருது.

வீட்டை வாடகைக்கு விட்டுடலாம்னு இருக்கேன். அதுல ஒரு குழப்பம். வீட்டு மேல நாங்க எடுத்திருந்த காப்பீடு, நாங்களே குடியிருந்தாதான் செல்லுமாம். அறுபது நாளுக்கு மேல ஆள் இல்லாம இருந்தாலும் செல்லாதாம். வாடகைக்கு விடறவங்களுக்குத் தனியா ஒண்ணு இருக்கு. அதுல நாலு பிரிவு. கட்டடத்துக்கு மட்டும். கட்டடமும் உள்ள இருக்கற சாமானும். குடி இல்லாம போனா வாடகை இழப்புக்கு. நாலாவது, குடியிருக்கறவங்களுக்கு வீட்டால ஏதாவது காயம் பட்டா நம்ம பொறுப்புக்கு. எது வேணும், எது வேணாம்னு தெரியல. லிஃப்ட் வயரிங் புத்தகம் நாப்பது பக்கம் ஒரே மூச்சுல படிப்பேன். இந்தப் பன்னண்டு பக்கத்தை மூணு வாரமா படிக்கறேன். முதல் பக்கத்துக்கே திரும்பி வந்துடறேன்.

படிவத்தை இதோட வெச்சிருக்கேன். தெரிஞ்சதை எழுதிட்டேன். தண்ணித் தொட்டி அளவு, பக்கத்து வீட்டோட சுவர் சேர்ந்திருக்கா இல்லையா, இதெல்லாம் நீங்க பாத்து எழுதி எனக்கே திருப்பி அனுப்புங்க. சாவி உங்ககிட்டதான் இருக்கு. காப்பீட்டுக் கம்பெனி ஆள் வந்து வீட்டைப் பாக்கணும்னா திறந்து விடுங்க.

உடம்பைப் பாத்துக்கோங்க.

உங்கள் மாப்பிள்ளை


பிப்ரவரி 17

மாப்ள,

லெட்டர் கிடைச்சது. தபால்காரர் என்னை மேலயும் கீழயும் பாத்துட்டுக் குடுத்தார். கல்யாணப் பத்திரிகை, கோர்ட்டு நோட்டீசு ரெண்டையும் விட்டா இந்த வீட்டுக்கு வேற எதுவும் கொண்டுவந்து குடுத்ததில்லையாம். என் முதுகு அப்படியேதான் இருக்கு. உங்க அக்கா தைலம் தேய்க்கறேன்னு தேய்க்கறா. அதுக்கு வலியே தேவலாம். நீ சாப்பிடறேன்னு எழுதியிருக்கே. என்ன சாப்பிடறேன்னு எழுதல. அவ கேக்கச் சொன்னா.

காப்பீடு விஷயத்தை லோடு ஸ்டாண்டுல கேட்டேன். நாலு வண்டிக்காரன், அஞ்சு பதில். ஒருத்தன் எல்லாத்தையும் எடுன்னான். ஒருத்தன் எதையுமே எடுக்காதேன்னான். மூணாவது ஆள், "வீட்டுக்கும் எடுக்கலாமா? நான் வண்டிக்கு மட்டும்தான்னு நினைச்சேன்"ன்னான். அவன்கிட்டதான் எல்லாரும் வழி கேப்பாங்க.

குடி வர ஆள் கிடைச்சாச்சு. ட்ராயிங் டீச்சர். வீட்டுக்காரர் கப்பல்ல சமையல் வேலை, வருஷத்துல ரெண்டு மாசம்தான் கரையில. ரெண்டு பொண்ணுங்க, மூத்தது ஏழு, சின்னது நாலு. இப்ப இருக்கற வீட்டை இடிக்கப்போறாங்களாம், மார்ச் கடைசிக்குள்ள காலி பண்ணியாகணும். பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போற தூரத்துல இதை விட்டா வேற வீடு இல்லைன்னு தலையில அடிச்சுக்கறாங்க. உன் காப்பீடு முடியாம சாவி குடுக்கக் கூடாதுன்னு நீ நினைச்சா, ஏப்ரல் ஒண்ணாம் தேதிக்குள்ள முடி.

தொட்டி ஆயிரம் லிட்டர். சுவர் சேரல, நடுவுல ரெண்டடி சந்து. படிவத்துல எழுதிட்டேன்.

மூணாவது பக்கத்துல பதினாலாவது கேள்வி காலியா இருக்கு மாப்ள. 'கடந்த ஐந்து ஆண்டுகளில் இந்த வீட்டில் எவருக்கேனும் விபத்தில் காயமோ மரணமோ நேர்ந்ததா? ஆம் எனில் காரணம்.' நீ மறந்துட்டேன்னு நினைச்சுப் பேனாவை எடுத்தேன். அப்புறம் நீ எதையும் மறக்கற ஆள் இல்லையேன்னு மூடி வெச்சுட்டேன். நீயே எழுதிடு.

அன்புடன்
மச்சான்


மார்ச் 2

அன்புள்ள மச்சானுக்கு,

சோறு, முட்டை. அக்காகிட்ட சொல்லுங்க. தைலத்தை லேசா தேய்க்கச் சொல்லுங்க, அழுத்தக் கூடாது.

பதில் போட நாளாயிடுச்சு. ஒரு ஆஸ்பத்திரியில ரெண்டு லிஃப்ட் பழுது. அதுல இருந்தேன்.

சாமான் விஷயம். 'உள்ளிருக்கும் பொருட்கள், வாங்கிய ஆண்டு, இன்றைய மதிப்பு'ன்னு ஒரு பட்டியல் கேக்கறாங்க. பீரோ, வாஷிங் மெஷின், தையல் மெஷின்னு எழுதினேன். தையல் மெஷினுக்கு என்ன மதிப்பு போடறதுன்னு தெரியல. அவ அதுல தைச்சதெல்லாம் தலகாணி உறை மட்டும்தான். பதினாறு தலகாணி உறை. எங்ககிட்ட இருந்தது மூணு தலகாணி. இதையெல்லாம் எழுத அங்க இடம் இல்ல. பட்டியலைக் கிழிச்சுட்டேன். சாமானுக்கு வேணாம். நீங்க எல்லாத்தையும் எடுத்து உங்க வீட்டுல வெச்சுக்கோங்க. இல்ல, வேண்டியவங்களுக்குக் குடுங்க. எனக்குச் சொல்ல வேணாம்.

அவங்க இன்னொரு தாள் அனுப்பியிருக்காங்க. வாடகை இழப்பு எடுத்தா பொறுப்புக் காப்பீட்டுல பாதி சேர்ந்து வருமாம். எதுல பாதின்னு போடல. நான் பாதி பாதியா கூட்டிப் பாத்தேன், ஒண்ணரை வருது.

டீச்சர் வரட்டும். ஒரே ஒரு விஷயம். வெளிப்பக்கமா மாடிக்குப் போற படிக்கட்டு இருக்கில்ல, அதுக்குக் கீழ ஒரு கேட் வெச்சுப் பூட்டிடுங்க. மாடி அவங்களுக்கு வேணாம். அந்தப் படிக்கட்டை விட்டுட்டு மீதி வீட்டுக்கு மட்டும் காப்பீடு தர முடியுமான்னு கம்பெனிக்கும் எழுதிக் கேட்டிருக்கேன்.

உங்கள் மாப்பிள்ளை


மார்ச் 2

வீட்டுக் காப்பீட்டுப் பிரிவு அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். என் வீட்டை வாடகைக்கு விடுவதற்கான காப்பீட்டு விண்ணப்பத்தை இத்துடன் அனுப்பியுள்ளேன். கட்டடத்துக்கும், குடியிருப்பவர்கள் காயமடைந்தால் உரிமையாளருக்கு வரும் பொறுப்புக்கும் காப்பீடு வேண்டும்.

ஒரு சந்தேகம். வீட்டின் பக்கவாட்டில் மொட்டை மாடிக்குச் செல்லும் வெளிப் படிக்கட்டு ஒன்று உள்ளது. பதினேழு படிகள், ஒவ்வொன்றும் ஏழு அங்குல உயரம். அந்தப் படிக்கட்டு நீங்கலாக மற்ற வீட்டுக்கு மட்டும் காப்பீடு வழங்க இயலுமா? இயலும் என்றால் பதினாலாவது கேள்விக்கும் படிக்கட்டு நீங்கலாகப் பதில் எழுதலாமா?

இப்படிக்கு
வீட்டு உரிமையாளர்


மார்ச் 11

ஐயா,

தங்கள் கடிதமும் விண்ணப்பமும் கிடைத்தன. தாங்கள் நலமே இருப்பீர்கள் என நம்புகிறோம்.

வீட்டின் ஒரு பகுதியை நீக்கிவிட்டு மற்ற பகுதிக்கு மட்டும் பொறுப்புக் காப்பீடு வழங்க எங்கள் விதிகளில் இடமில்லை. படிக்கட்டு வீட்டைச் சேர்ந்ததே.

எங்கள் ஆய்வாளர் மார்ச் 8 அன்று வீட்டைப் பார்வையிட்டார். வெளிப் படிக்கட்டின் திறந்த பக்கத்தில் கைப்பிடி இல்லை. படிகளின் ஓரத்தில் போல்ட் துளைகள் இருப்பதால் முன்பு கைப்பிடி இருந்து அகற்றப்பட்டிருப்பதாகத் தெரிகிறது. கைப்பிடி பொருத்தப்பட வேண்டும்.

பதினாலாவது கேள்விக்கு விடை எழுதப்படவில்லை. அதன் கீழே 'காரணமானவர்' என்ற இடத்தில் உரிமையாளர், மூன்றாம் நபர், தெரியவில்லை என மூன்று கட்டங்கள் உள்ளன. ஒன்றில் மட்டும் குறியிட வேண்டும். உண்மைக்கு மாறான பதிலோ விடுபட்ட பதிலோ இருந்தால் பின்னாளில் எந்த உரிமைக் கோரிக்கையும் ஏற்கப்படாது. நிரப்பி அனுப்ப வசதியாக மூன்றாம் பக்கத்தின் புதிய பிரதிகள் இரண்டை, ஒன்று தங்களுக்கும் ஒன்று உள்ளூரில் வீட்டைக் கவனிப்பவருக்கும், அனுப்பியுள்ளோம்.

இப்படிக்கு
அலுவலர், வீட்டுக் காப்பீட்டுப் பிரிவு


மார்ச் 14

மாப்ள,

உடம்பு எப்படி? இங்க எல்லாரும் நல்லபடியா இருக்கோம். முட்டையை வேக வெக்கறியா பொரிக்கறியான்னு அடுத்த கேள்வி வந்திருக்கு. பதில் போட்டுடு, இல்லைன்னா எனக்கு நிம்மதி இல்ல.

ஆய்வு பண்ண வந்தவர் சின்ன வயசுக்காரர். வீட்டுக்குள்ள நுழைஞ்சதுல இருந்து படம் எடுத்துட்டே இருந்தார். ஒரு சுவர் விடல. நான் குறுக்க நின்னுட்டேன் போல. "சார், நீங்களும் கட்டடத்துல சேத்தியா?"ன்னார். வீட்டைச் சுத்திட்டு படிக்கட்டுக்கிட்ட வந்து நின்னார்.

"இங்க கைப்பிடி இருந்திருக்கே. எங்க போச்சு?"

"பழுது பாக்கக் கழட்டினது."

"எப்ப?"

"கொஞ்ச நாள் ஆச்சு."

"கொஞ்ச நாள்னா எவ்வளவு சார்? துளைக்குள்ள குளவி கூடு கட்டியிருக்கு."

முதுகு வலிக்குதுன்னு உக்காந்துட்டேன். நிஜமாவே வலிச்சுது.

டீச்சரும் அன்னிக்கு வந்திருந்தாங்க. மாடியைப் பூட்டப்போறோம்னு சொன்னதுதான் தாமதம். "நாலு பேர் துணியை எங்க காயப்போடறது, உங்க தலையிலயா?"ன்னு கேட்டுட்டாங்க. அப்புறம் என் தலையைப் பாத்தாங்க. "அதுலயும் இடம் இருக்கு"ன்னு சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். வீட்டுக்கு வந்து உங்க அக்காகிட்ட சொன்னேன், அவ சிரிக்கல. "உங்க தங்கச்சியும் அங்க துணி எடுக்கப் போனவதானே"ன்னா.

பூட்டினா அந்தப் பொண்ணுங்க சும்மா இருக்குமா மாப்ள? பெரியது வாசல் கேட்டை அப்பவே ஏறிப் பாத்துட்டுது. பூட்டு வேணாம். கைப்பிடி வைக்கணும். புதுசா ஒண்ணு அடிக்கச் சொல்றேன்.

மச்சான்


மார்ச் 20

மாப்ள,

உன்கிட்ட இருந்து பதில் இல்ல. உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?

போன லெட்டர்ல புதுசா அடிக்கச் சொல்றேன்னு எழுதினேன். அது பொய். கைப்பிடி புதுசா அடிக்க வேணாம். பழசு வெல்டிங் பட்டறையிலதான் இருக்கு. ஏழு மாசமா இருக்கு. பட்டறைக்காரர் வழியில என்னைப் பாத்தா வேற பக்கம் திரும்பிக்கறார். நான் அவருக்கு முன்னாடியே திரும்பிக்கறேன்.

உனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதறேன். செவ்வாய்க்கிழமை நான்தான் வண்டியில ஏத்திட்டுப் போனேன். அடித்தகடு துருப்பிடிச்சதை மாத்தி புதன்கிழமையே முடிச்சு வெச்சுட்டார். வியாழக்கிழமை கொண்டுவந்து மாட்டறேன்னு உன்கிட்ட சொன்னேன். அன்னிக்குக் காலையில ஒரு சோபா செட்டு லோடு வந்துது, தூரத்து டிரிப். அதை விட மனசில்ல. வெள்ளிக்கிழமை ராத்திரி திரும்பினேன். சனிக்கிழமை மத்தியானம் மாட்டிக்கலாம்னு தூங்கிட்டேன். சனிக்கிழமை காலையில தூறல் போட்டுது, என் தங்கச்சிப் பாப்பா துணி எடுக்கப் போனா. ரெண்டு கையிலயும் துணி.

நீ ஏழு மாசமா போன் எடுக்கல. ஏன்னு எனக்குத் தெரியாதா? நான் உன் இடத்துல இருந்தா லெட்டரும் போட்டிருக்க மாட்டேன்.

கம்பெனி எனக்கு அனுப்பின பக்கத்துல நானே எழுதிட்டேன். 'மூன்றாம் நபர்'னு இருக்கற கட்டத்துல குறி போட்டு, அண்ணன், வண்டி டிரைவர்னு எழுதி, நேரா அவங்களுக்கே அனுப்பிட்டேன். இனிமே உனக்கு அதுல எழுத ஒண்ணும் இல்ல. டீச்சருக்கு இன்னும் பதினொரு நாள்தான் இருக்கு.

மச்சான்


மார்ச் 24

ஐயா,

தங்கள் விண்ணப்பத்துக்கு மூன்றாம் பக்கம் இரண்டு வந்துள்ளன. இரண்டும் ஒரே நாளில் அஞ்சல் செய்யப்பட்டவை. ஒன்றில், தங்கள் கையொப்பத்துடன், 'உரிமையாளர்' கட்டத்தில் குறி உள்ளது. மற்றொன்றில், வேறொருவர் கையொப்பத்துடன், 'மூன்றாம் நபர்' கட்டத்தில் குறி உள்ளது. காரணம் என்ற இடத்தில் இருவரும் 'நான்' என்றே எழுதியுள்ளீர்கள்.

எதை ஏற்பது என எங்களுக்குக் குழப்பமாக உள்ளது. எங்கள் அலுவலகத்தில் இதற்கு முன் இப்படி வந்ததில்லை. வழக்கமாக இந்தக் கட்டத்தில் ஒருவர் மற்றவரைத்தான் காட்டுவார்.

நடந்ததை உள்ளபடி, ஒரே பதிலாக, உரிமையாளர் எழுதி அனுப்பக் கேட்டுக்கொள்கிறோம். மார்ச் 30-க்குள் கிடைத்தால் ஏப்ரல் 1 முதல் காப்பீடு தர முயல்கிறோம். தங்கள் இழப்புக்கு வருந்துகிறோம்.

அலுவலர்


மார்ச் 26

அன்புள்ள மச்சானுக்கு,

உடம்பு நல்லா இருக்கு. முட்டை வேக வெச்சது.

உங்க லெட்டரும் கம்பெனி லெட்டரும் ஒரே நாள்ல வந்துது. ரெண்டையும் மாத்தி மாத்திப் படிச்சேன். நீங்க எழுதினதுல தப்பு இருக்கு. திருத்தறேன்.

கைப்பிடியைக் கழட்டினது செவ்வாய்க்கிழமை இல்ல. ஞாயித்துக்கிழமை. எனக்கு லீவு, ஸ்பானர் கையில இருந்துது, கழட்டிட்டேன். பட்டறை செவ்வாய்தான் திறக்கும்னு தெரியும். ரெண்டு நாள் அது கொல்லைப்புறத்துல சாஞ்சு நின்னுது. அவசரமே இல்ல.

வேலையில நான் ஒரு லிஃப்ட் கதவைக் கழட்டினா, முதல்ல குறுக்க சங்கிலி. அப்புறம் என் பேர் எழுதின சிவப்பு அட்டை. அதுக்கப்புறம்தான் அடுத்த ஸ்க்ரூ. அந்த அட்டையை நான்தான் எடுக்கணும், மேனேஜரே வந்தாலும் தொடக் கூடாது. சங்கிலி இல்லாம வேலை பாத்ததுக்காக ரெண்டு பேரை நான் வேலையை விட்டு நிறுத்தியிருக்கேன். கல்யாணம் ஆன புதுசுல வீட்டுலயும் மாட்டினேன். மிக்ஸி வயர் தேஞ்சிருந்துது, அட்டை தொங்கவிட்டேன். சாயங்காலம் வந்து பாத்தா அந்த அட்டை என் சட்டை ஹேங்கர்ல தொங்குது. "இதுவும் பழுதுதான்"ன்னா. ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சோம். அதுக்கப்புறம் வீட்டுல மாட்டறதில்ல. ஆறு நாள் ஒரு கயிறுகூட கட்டல மச்சான். துணி காயப்போடற கயிறு அங்கேயே இருந்துது.

போன் எடுக்காதது உங்க மேல கோவத்துல இல்ல. எடுத்தா, கயிறு ஏன் கட்டலன்னு நீங்க கேப்பீங்கன்னு பயம்.

இன்னொண்ணு இருக்கு. இதை எழுத வேணாம்னுதான் இருந்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கைப்பிடி எங்கன்னு உங்களைக் கேக்க போனை எடுத்தேன். நம்பர் போட்டுட்டேன். அவ என் கையில இருந்து போனை வாங்கி வெச்சுட்டா. "அண்ணன் வண்டி ஓட்டிட்டு இருப்பான், இப்ப கூப்பிடாதீங்க. ரெண்டு நாள்ல மாடி எங்கயும் போயிடாது"ன்னா. நான் சரின்னுட்டேன். இதைச் சொன்னா அவ மேலயும் தப்பு விழுந்துடும்னு தோணிச்சு. சொல்லாம இருந்தா உங்க மேல விழுது. யார் மேல விழணும்னு எனக்குத் தெரியல. கணக்கு மாதிரி போட்டுப் பாத்தேன், விடை வரல.

படிவத்துல இப்படி எழுதி இன்னிக்கே அனுப்பிட்டேன்: 'என் மனைவி கைப்பிடி இல்லாத படியில் விழுந்து இறந்தார். பழுதுபார்க்கக் கைப்பிடியைக் கழற்றியவன் நான். ஆறு நாள் தடுப்பு எதுவும் வைக்கவில்லை.' உரிமையாளர் கட்டத்துல குறி. அது உங்களைக் காப்பாத்தறதுக்குப் போட்ட குறி இல்ல. வீடு என்னுது.

கைப்பிடியைக் கொண்டுவந்து மாட்டுங்க. ஒவ்வொரு போல்ட்டுக்கும் ரெண்டு நட்டு போடுங்க.

உங்கள் மாப்பிள்ளை


ஏப்ரல் 5

மாப்ள,

எல்லாரும் சுகம். உன் லெட்டரை வண்டியை ஓரங்கட்டிட்டுத்தான் படிச்சேன். ஓரங்கட்டினதா நினைச்சேன், நடு ரோட்டுலதான் நின்னிருக்கேன். பின்னாடி ஒருத்தன் ஹாரனை எடுக்கவே இல்ல. இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினான். என் மூஞ்சியைப் பாத்துட்டு, "மெதுவா போங்கண்ணே"ன்னு சொல்லிட்டுப் போயிட்டான்.

அவ அப்படித்தான் சொல்லியிருப்பா. நான் வண்டி எடுத்த நாள்ல இருந்து, நான் ஓட்டற நேரத்துல ஒரு தடவைகூட அவ எனக்குப் போன் பண்ணதில்ல. எங்க அப்பா போனதைக்கூட நான் திரும்பி வந்து வண்டியை நிறுத்தினப்புறம்தான் சொன்னா. அதை நான் எப்படி மறந்தேன்? நீ ஏன் இதை ஏழு மாசம் வயித்துல வெச்சுட்டு இருந்தே? உன்னைத் திட்டணும் போல இருக்கு. என்ன சொல்லித் திட்டறதுன்னு தெரியல.

பட்டறைக்குப் போனேன். அவர் உள்ள போய்க் கைப்பிடியை எடுத்துட்டு வந்தார். துருப்பிடிக்காம எண்ணெய் தடவி, சாக்கு சுத்தி வெச்சிருந்தார். அவரே வந்து மாட்டினார். ரெண்டு ரெண்டு நட்டு. நான் தொங்கிப் பாத்தேன். என் உடம்பைத் தாங்கினா அது யாரையும் தாங்கும். ஆய்வாளர் தம்பி மறுபடி வந்து படம் எடுத்துட்டுப் போனார்.

டீச்சர் ஒண்ணாம் தேதி வந்துட்டாங்க. படிக்கட்டுல என்ன நடந்துதுன்னு நானே அவங்ககிட்ட சொல்லிட்டேன். வேணாம்னா இப்பவே சொல்லுங்கன்னேன். படிக்கட்டை மேல வரைக்கும் பாத்தாங்க. அப்புறம், "சொன்னீங்களே, அது போதும்"னு சொல்லிட்டு சாமானை இறக்க ஆரம்பிச்சாங்க. சின்னது மட்டும் தனியா மாடிக்குப் போகக் கூடாதுன்னு அவங்களே சட்டம் போட்டிருக்காங்க.

பாலிசியும் வந்துடுச்சு. நீ அங்க இருந்து படிக்கறதுக்குள்ள நான் படிச்சுட்டேன், முதல் தடவையா முழுசா. கட்டடம், பொறுப்பு, ரெண்டும் இருக்கு. அந்தப் பாதி என்னன்னு எனக்கும் புரியல, விட்டுட்டேன். கடைசிப் பக்கத்துல ஒரு வரி இருக்கு. ஏப்ரல் ஒண்ணாம் தேதிக்கு முன்னாடி நடந்தது எதுவும் அவங்க பொறுப்பு இல்லையாம்.

சரி. அவங்க எப்படி ஏத்துக்குவாங்க? அது நம்ம ரெண்டு பேருக்கும்தான். பாதி உனக்கு, பாதி எனக்குன்னு பிரிக்கவும் வராது.

பதினெட்டாம் தேதி உன் ஊர்ப் பக்கம் எனக்கு ஒரு லோடு. திரும்பும்போது வண்டி காலிதான், முன்னாடி சீட்டும் காலி. உன் ரூம் வாசல்ல வந்து நிப்பேன். அந்த வீட்டுக்குக் கூப்பிடல. என் வீட்டுக்கு வா. உங்க அக்கா தலகாணிக்கு உறை போட்டு வெச்சிருக்கா.

மச்சான்